பலகைக்கு அந்தப் பக்கம்

வனவிலங்குப் பாதுகாப்புத் துறையில் விழிப்புணர்வுப் பிரிவு அதிகாரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பலகையக்கா என்றால்தான் தெரியும். காட்டுச் சாலையில் நீங்கள் எங்கே நின்று எந்தத் திசையில் திரும்பினாலும் அக்கா எழுதிய பலகை ஒன்று உங்களை அதட்டும். குப்பை போடாதே, சத்தம் போடாதே, ஹாரன் அடிக்காதே, விலங்குக்கு உணவு கொடுக்காதே, மரத்தைச் சுரண்டாதே. காட்டைப் பார்க்க வந்தவர்கள் பலகைகளைப் படித்து முடிக்கவே பொழுது சரியாகிவிடுகிறது என்று டிரைவர் கேலி செய்வதுண்டு. அக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள். எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று மனதார நம்பியவள் அவள். மீதிப் பாதி என்னவென்று அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த வருஷத்தை இயக்குநர் இருவாச்சி ஆண்டு என்று அறிவித்திருந்தார். பெரிய மஞ்சள் அலகும், அதன்மேல் கவிழ்த்த தோணிபோல ஒரு மேடுமாக இருக்கும் பறவை அது. காட்டில் மிச்சம் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒரு ஜோடி, யார் செய்த புண்ணியமோ, சாலையை ஒட்டிய பள்ளத்தில் நின்ற மரத்தில் குடித்தனம் வைத்தது. மரம் பள்ளத்தில் நின்றதால் அதன் பொந்து சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி உயரம்தான். துறைக்குக் கேட்கவா வேண்டும், உடனே எதிரே ஒரு கேமராவை மாட்டி, அலுவலக வரவேற்பறையில் பெரிய திரை வைத்து, பார்க்க வருகிறவர்களுக்கு நுழைவுச்சீட்டும் போட்டுவிட்டது.

இந்தப் பறவையின் குடித்தனமே ஒரு தினுசு. பெட்டை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணும் எச்சமும் பழச்சக்கையுமாகக் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே முட்டையிட்டு, இறகையெல்லாம் உதிர்த்துவிட்டு, பறக்க முடியாமல் கிடக்கும். ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்ட வேண்டும். குஞ்சு வளர்ந்து, தாய்க்கு மறுபடி இறகு முளைத்து, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை அதுவே கதி. ஆணுக்கு ஒன்று ஆகிவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினியில் சாக வேண்டியதுதான்.

இதை வைத்து இயக்குநர் ஊர் ஊராக ஒரு உரை ஆற்றிவந்தார். தலைப்பு, உத்தமக் குடும்பத் தலைவன். எழுதிக் கொடுத்தது அக்காதான். எழுதும்போதெல்லாம் அவளுக்குத் தன் கணவர் ஞாபகம் வரும், நல்ல விதமாக அல்ல. நகராட்சியில் தெருவிளக்குப் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிற மனிதர், சொந்த வீட்டுக் குளியலறையில் பல்பு போய் மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டார். தட்டில் சோறு விழுந்தால் சாப்பிடுவார், விழாவிட்டால் விழும்வரை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மனைவி சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

விபத்து நடந்தது இருவாச்சி தினத்தன்று. விழாப் பந்தலில் இயக்குநர் காத்திருந்தார், அவர் உரை அக்காவின் பையில் இருந்தது, அக்கா ஜீப்பில் இருந்தாள். ஜீப்பை ஓட்டியவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். மாட்டு வண்டிக்கும் வழிவிட்டுப் போகிறவர். அவரைத்தான் அன்றைக்கு அக்கா, கொஞ்சம் மிதிங்க, கொஞ்சம் மிதிங்க என்று வழியெல்லாம் விரட்டிக்கொண்டு வந்தாள். பொந்து இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவில் அக்கா முந்தின மாதம் நட்ட பலகை, ஒரு வீட்டுச் சுவரளவு. இருவாச்சி நடமாடும் இடம், மெதுவாகச் செல்லவும் என்று ஆளுயர எழுத்தில் எழுதி, பறவையின் படத்தை இரண்டு பக்கமும் வரைந்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம், சாலையில் உதிர்ந்து கிடந்த அத்திப்பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது நிஜப் பறவை.

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நிதானம் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்கா இறங்கிப் பார்த்தாள். பறவை சாலையோரத்தில் ஒரு பக்கமாகக் கிடந்தது. அலகில் ஒரு பழம் அப்படியே இருந்தது. நிமிர்ந்தால், பலகையில் இருந்த பறவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மத்த சாலையில வளைவுன்னா ஹாரன் அடிப்பேன் அக்கா. இங்க கூடாதுன்னு நீங்கதான் இன்னொரு பலகை வெச்சிருக்கீங்க" என்றார் நிதானம். குற்றம் சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

விழாவில் உத்தமக் குடும்பத் தலைவன் உரை வழக்கம்போல நிறைவேறியது. பலத்த கைத்தட்டல். முடிந்ததும் அக்கா இயக்குநரைத் தனியாகப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். அவருடைய முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. ஆனால் கொஞ்ச நேரம்தான். பெரிய பதவிக்கு வருகிறவர்களுக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ளத் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

"ஆண் பறவை சாகல மேடம். பார்வைக்கு வரல, அவ்வளவுதான்" என்றார். இருவாச்சி ஆண்டு பாதியில் நிற்கிறது, நாட்காட்டி முழுக்க அதன் படம்தான், துறைக்கு ஒரு பெரிய விருது வேறு வருவதாக இருக்கிறது, இந்த நேரத்தில் ஆண் பறவை சாவது நிர்வாக ரீதியாகச் சாத்தியமில்லை என்று விளக்கினார். உள்ளே இருக்கும் பெட்டையையும் குஞ்சையும் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். மனிதர்கள் உணவு கொடுப்பது இயற்கையில் தலையிடுவதாகும், அதற்கு நிபுணர் குழு அனுமதி தர வேண்டும், நிபுணர் குழு கூடுவதற்கு முதலில் நிபுணர் குழுவை அமைக்க வேண்டும் என்றார். கேமரா என்று அவள் இழுத்தாள். பழைய பதிவு எவ்வளவோ இருக்கிறது, அதையே திருப்பித் திருப்பி ஓடவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

ஜீப் மோதியா அந்தப் பறவை செத்தது என்று இப்போது நீங்கள் கேட்டால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதாள். கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். சோறு வருகிற வழியாகத் தெரியாததால் எழுந்து உள்ளே வந்தார். அழுகையும் பேச்சுமாக அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொந்து என்ன உயரம் இருக்கும் என்று மட்டும் கேட்டார். சொன்னாள். "அது நம்ம கழிக்கு எட்டும்" என்றார்.

ஏணி வைக்க முடியாத இடத்தில் பல்பு மாட்டுவதற்கு அவரிடம் ஒரு நீளக் கழி இருந்தது. நுனியில் சிவப்பு ரப்பர் கிண்ணம். பல்பைக் கிண்ணத்தில் செருகி, கழியை உயர்த்தி, கீழிருந்தே திருகிவிடலாம். மறுநாள் காலையில் அவர் அந்தக் கிண்ணத்தில் பல்புக்குப் பதிலாக ஒரு அத்திப்பழத்தை வைத்து, சாலையோரத்தில் நின்றபடி பொந்தை நோக்கி நீட்டினார். விலங்குகளுக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற அக்காவின் பலகை அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அக்கா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு காவல் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தன் பலகையை யாரும் படிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

பெட்டை பழத்தைத் தொடவில்லை. அன்று முழுக்கத் தொடவில்லை. அடுத்த நாளும் கீறலில் அலகு எட்டிப் பார்த்தது, சிவப்புக் கிண்ணத்தைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. உள்ளேயிருந்து குஞ்சு கத்துகிற சத்தம் மெல்லிசாகக் கேட்டது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு சாலையில் அங்குமிங்கும் நடந்தாள். கணவர் மட்டும் அசையவில்லை. கழியைப் பிடித்தபடி கழுத்து வலிக்க நின்றார். கடைசியில் அலகு வெளியே வந்தது, பழத்தைக் கவ்வியது, உள்ளே போனது. அவர் கழியை இறக்கிவிட்டு அடுத்த பழத்தை வைத்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை, நடுவில் எந்தத் தெருவிளக்காவது பழுதென்று பொய் சொல்லிவிட்டு ஒரு முறை. குஞ்சுக்குப் பழம் மட்டும் போதாது, பூச்சி வேண்டும் என்று எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். தெருவிளக்குக் கண்ணாடி மூடிகளுக்குள் வண்டும் அந்துப்பூச்சியும் விழுந்து கிடப்பது அவருக்குத் தெரியும், இத்தனை வருஷம் தட்டிக் கொட்டியவைதானே. இப்போது அவற்றைச் சிந்தாமல் சேகரித்து, மனைவியின் நல்ல டப்பாக்களில் வகை பிரித்து அடுக்கினார். ஊரில் தெருவிளக்குகள் முன்னெப்போதும் இல்லாத சுத்தத்தோடு எரிந்தன. நகராட்சித் தலைவர் அதற்குத் தன் நிர்வாகமே காரணம் என்று பேட்டி கொடுத்தார்.

அலுவலக வரவேற்பறைத் திரையில், பழைய பதிவின் புண்ணியத்தில், உத்தமக் குடும்பத் தலைவனும் தவறாமல் வந்து ஊட்டிக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குடையை மடக்கி, தலையைத் துவட்டிக்கொண்டு சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள், திரையில் சுள்ளென்று வெயிலடிக்கும் காட்டைப் பார்த்து மகிழ்ந்து, மறுபடி குடையை விரித்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நிபுணர் குழுவுக்கு நாற்காலி வாங்க அனுமதி கேட்டுக் கோப்பு போயிருப்பதாக அக்காவுக்குத் தகவல் வந்தது.

விருது கொடுக்க விருந்தினர்கள் வந்த அன்றும் நல்ல மழை. கூட்ட அரங்கில் அந்தப் பெரிய திரையை மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். இயக்குநர் உரையின் உச்சத்துக்கு வந்திருந்தார். விருந்தினர்களில் மூத்தவர் ஒருவர், பாதித் தூக்கத்தில் இருந்தவர், கண்ணைத் திறந்து சன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி சன்னலைப் பார்த்தார்.

"இங்க இவ்வளவு மழை, அங்க மட்டும் எப்படி வெயில்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் முன்னால் மேசையில் ஒலிவாங்கி இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

கேமரா இயக்குபவர் பயந்த சுபாவம் உள்ளவர். கை உதறியதில் பதிவை நிறுத்தி நேரலையைப் போட்டுவிட்டார். திரையில் மழை வந்தது. ஈரமான மரம் வந்தது. பொந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஒரு நீளக் கழி மெதுவாக எழும்பி வந்தது, நுனியில் சிவப்புக் கிண்ணம், கிண்ணத்தில் ஒரு பழம். கீறலிலிருந்து அலகு நீண்டு அதை வாங்கிக்கொண்டது. பிறகு குரல் கேட்டது. கேமராவில் ஒலிவாங்கியும் உண்டு என்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"சாப்பிடும்மா. நேத்து நீ சரியாவே சாப்பிடல. பிள்ளைக்குக் குடுத்துட்டு நீ சும்மா இருந்துடுறே, எனக்குத் தெரியாதா. இந்தா, இது உனக்கு. நீ சாப்பிட்டாத்தான் நான் போவேன்."

அக்கா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. பொறாமையாக இருந்தது, ஒரு பறவையின் மீது. அடுத்த கணம் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மூத்த விருந்தினர் ஆண் பறவை எங்கே என்று கேட்டார். இயக்குநர் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும் இன்னொரு தம்ளர் குடித்தார். பிறகு, விழிப்புணர்வுப் பிரிவு அதிகாரி விளக்குவார் என்று அக்காவைக் கை காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மாட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டால் அவர் தாமதிக்க மாட்டார்.

அக்கா மேடைக்கு நடந்தாள். உண்மையை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள். பாதி வழியில் அவளுக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். விசாரணை வந்தால் விதிமுறை வரும். விதிமுறை வந்த மறுநிமிஷம் கழியைப் பறிமுதல் செய்வார்கள், நாற்காலி வாங்கி நிபுணர்கள் உட்காருவதற்குள் பொந்துக்குள் சத்தம் அடங்கிவிடும். தப்பைப் பூசி மெழுகினாலோ, வளைவில் அந்தப் பலகை அப்படியே நிற்கும். இந்தத் துறை எந்தப் பாஷைக்குக் கட்டுப்படும் என்று அவளுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து வருஷமாக அந்தப் பாஷையை எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

"இது துணைத் தந்தைத் திட்டம்" என்றாள். குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். "ஆண் பறவை செத்துப்போச்சு. எங்க வண்டி மோதித்தான் செத்துச்சு. வண்டியில நான் இருந்தேன், நான்தான் வேகமாப் போகச் சொன்னேன். வளைவுல நான் வெச்ச பலகை அதை மறைச்சுடுச்சு. பெட்டையும் குஞ்சும் வெளிய வர்ற வரைக்கும் ஒரு வேளை கூடச் சாப்பாடு நிக்கக் கூடாதுன்னு இயக்குநர் சார் உத்தரவு போட்டிருக்கார். ரெண்டாவது கட்டமா, அந்த வளைவுல இருக்கிற எல்லாப் பலகையையும் இந்த வாரமே எடுக்கச் சொல்லியிருக்கார்."

தன்னைக் கைகாட்டியவரை அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். விருந்தினர்களும் பார்த்தார்கள். இயக்குநர் அடக்கமாகத் தலையசைத்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு உயிரைக் கொன்றேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்ன இடத்தில்தான் கைத்தட்டல் ஆரம்பித்தது என்பதை அக்கா மட்டும் கவனித்தாள். வெளிப்படையான நிர்வாகத்துக்காகத் துறைக்கு இன்னொரு விருதும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மூத்தவர் சொன்னார்.

பலகைகள் போயின. கழி தங்கியது. துணைத் தந்தைக்குச் சீருடை கொடுக்கலாமா என்று இயக்குநர் கேட்டு அனுப்பினார், பெட்டை பயந்துவிடும் என்று கணவர் மறுத்துவிட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் பெட்டை சுவரை உடைத்தது. உள்ளிருந்து அலகால் கொத்தக் கொத்த, காய்ந்த மண் கட்டி கட்டியாகப் பள்ளத்தில் விழுந்தது. முதலில் தாய் வந்தது, புது இறகு பளபளக்க. பின்னால் குஞ்சு, அழுக்கும் அதிர்ச்சியுமாக. கணவர் பழக்கதோஷத்தில் கழியை நீட்டினார். பெட்டை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயரக் கிளை ஒன்றில் போய் உட்கார்ந்து, வளைவு இருந்த திசையை நோக்கிக் கத்தியது. நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தது. மறுபடி கத்தியது. அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை. ஜீப்புக்குள் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கணவர் கழியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டப்பாவில் மிச்சம் இருந்த அத்திப்பழத்தில் ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, அவளிடம் நீட்டினார். "காலையில நீ ஒண்ணும் சாப்பிடல" என்றார். அன்றைக்கே குளியலறை பல்பையும் மாற்றினார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. மாற்றவில்லை.

அக்கா ஒரு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். நிதானம்தான் ஜீப்பில் அழைத்துப் போனார். காட்டுச் சாலையில் திரும்பியதும் அவள் வழக்கம்போல வளைவைப் பார்க்காமல் இருக்க மடியில் இருந்த பையைப் பார்த்தாள். வண்டி நின்றுவிட்டது. நிமிர்ந்தாள்.

வளைவில் ஒரு பலகை நின்றது. முன்பு இருந்ததைவிட ஒன்றரை மடங்கு. இது பலகைகள் அகற்றப்பட்ட பகுதி என்று அதில் எழுதியிருந்தது. கீழே, துணைத் தந்தைத் திட்டம், இரண்டாம் கட்டம், வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. அதற்கும் கீழே இயக்குநரின் படம், தோளில் ஒரு இருவாச்சியோடு, வரைந்தது.

நிதானம் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு, அந்தச் சாலையில் இத்தனை காலமாக அவர் செய்யாத காரியத்தைச் செய்தார். ஹாரனில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். காடே அதிர்ந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம், சாலையில் கிடந்த அத்திப்பழத்தை விட்டுவிட்டு, பெரிய சிறகடிப்போடு தாய் மேலே எழும்பியது. அதன் பின்னால் தட்டுத்தடுமாறிக் குஞ்சும் எழும்பியது.

இரண்டும் மரத்துக்குள் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டை வெளியே வந்த அன்று கணவர் மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்பேனர் பை பின்சீட்டின் கீழே கிடந்ததைக் குனிந்து எடுத்தாள். யாரிடம் அனுமதி கேட்பது என்று நிதானம் மெதுவாக இழுத்தார்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.